வடை, போண்டா, ஈ

எங்கள் வீட்டில் வடை, போண்டா என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள். பெயர் வைத்தது பிள்ளைகள், தொட்டி கழுவுவது நான். லண்டனில் இது பெரிய விசித்திரம் ஒன்றுமில்லை. இதை வளர்க்க இங்கே உரிமம் வேண்டாம். சில தொடக்கப் பள்ளிகளில் வகுப்பறை மூலையிலேயே ஒரு நத்தைத் தொட்டி இருக்கும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு என்று முட்டையிடுகிற பிராணி என்பதால், வைத்திருப்பவர்கள் எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் "உங்களுக்கு ரெண்டு தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு வந்ததும் அப்படித்தான்.

ஊரில் சொல்லும்போதுதான் சங்கடம். 1847-ல் பென்சன் என்கிற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த அதே நத்தைதான் இன்றைக்குத் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மழை விட்டதும் வாழை, பப்பாளி, காய்கறி என்று எதையும் விடாமல் மேய்கிறது. "ஒரு பிடி உப்பப் போட்டா முடிஞ்சுது. நீ என்னடான்னா அதுக்கு வெள்ளரிக்கா நறுக்கிக்கிட்டு இருக்கே!" என்றார் அத்தை வீடியோ காலில். பேரப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். "அது சரி, தொட்டிக்கு மேல என்னம்மா அது, பொடிப்பொடியாப் பறக்குது?"

பழ ஈ. நத்தை வளர்க்கிறவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஈயால் நத்தைக்கு ஒரு கெடுதியும் இல்லை. கடிக்காது, நத்தையின் உடம்பில் முட்டையிடாது. அவதியெல்லாம் நமக்குத்தான்: காபியில் விழும், பேசும்போது மூக்குக்கு முன்னால் வட்டமடிக்கும், விருந்தாளி வந்தால் கூட்டமாக வந்து வரவேற்கும். ஈயால் நத்தை சாகாது. ஈக்கு அடிக்கிற மருந்தால் சாகும். அதனால் யார் என்ன சொன்னாலும் ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுக்காதீர்கள்.

அடுத்தது ஆளை அடையாளம் காண்பது. தொட்டியைச் சுற்றிப் பறப்பதெல்லாம் பழ ஈ இல்லை. மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்து, உடம்பு தேன் நிறமாக, கண் சிவப்பாக, சாப்பாட்டுத் தட்டின் மேலேயே மெதுவாகச் சுற்றினால் அது பழ ஈ. கறுப்பாக, ஒல்லியாக, கால் நீண்டு, கொசுக்குத் தம்பி என்று சொல்லும்படி இருந்து, தட்டைச் சட்டை செய்யாமல் ஈர மண்ணின் மேலும் கண்ணாடியிலும் உட்கார்ந்திருந்தால் அது பூஞ்சை ஈ. மண்ணிலுள்ள பூஞ்சையும் அழுகும் இலைதழையும்தான் அதன் புழுவுக்குச் சாப்பாடு. மூன்றாவது ஒன்று உண்டு: முதுகு கூனி, பறப்பதற்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்கும் விறுவிறுவென்று ஓடும். அது ஃபோரிட் ஈ. அதைப் பார்த்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும், பிறகு வருகிறேன்.

இப்போது பழ ஈயின் ஜாதகம். ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்று பள்ளி உயிரியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டி.எச். மார்கன் பால் புட்டிகளில் வாழைப்பழத்தைப் போட்டு வளர்த்து, 1910-ல் வெள்ளைக் கண் ஈயைக் கண்டெடுத்து, 1933-ல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் இந்த ஈயைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்த குணங்கள்தான் நமக்குத் தலைவலி. வளர்க்கச் செலவில்லை, இடம் வேண்டாம், மளமளவென்று பெருகும். 25 டிகிரி செல்சியஸில் முட்டை ஒரே நாளில் பொரிக்கும். நாலைந்து நாள் புழு, நாலைந்து நாள் கூட்டுப்புழு, பத்தாம் நாள் ஈ. ஒரு பெண் ஈ தன் ஆயுளில் சில நூறு முட்டை இடும். 18 டிகிரிக்கு இறங்கினால் அந்தப் பத்து நாள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

நம் நத்தைக்கு என்ன தட்பவெப்பம் வேண்டும்? 21-லிருந்து 26 டிகிரி, நல்ல ஈரப்பதம், மூலையில் கொஞ்சம் பழம். அதாவது மார்கன் பால் புட்டியில் செய்ததை நாம் கண்ணாடித் தொட்டியில் செய்கிறோம். ஆராய்ச்சிதான் பாக்கி.

ஈக்குப் பிடிக்காதபடி தொட்டியைக் காயவைக்கலாமே, குளிரவைக்கலாமே என்று தோன்றும். செய்தால் முதலில் கஷ்டப்படுவது நத்தைதான். ஓட்டுக்குள் சுருங்கி, வாயை ஒரு சவ்வால் அடைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கும். ஈக்கும் நத்தைக்கும் ஒரே பருவநிலைதான் பிடிக்கிறது. அதில் கை வைக்க வழியில்லை. நம் கையில் மிச்சம் இருப்பது இரண்டுதான்: சாப்பாட்டுத் தட்டு, அந்தப் பத்து நாள் கணக்கு. நான் சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கும்.

தட்டுக்கு முன்னால் சமையலறை. ஈ தொட்டியில் தானாக முளைப்பதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே எல்லா வீட்டுச் சமையலறையிலும் ஈ உண்டு. குளிர்காலத்தில் மற்ற வீடுகளில் காணாமல் போகும், ஹீட் மேட் ஒட்டிய தொட்டி இருக்கிற வீட்டில் தங்கிவிடும். கவுன்சில் கொடுக்கிற உணவுக் கழிவு டப்பா, கழுவாமல் மறுசுழற்சிக்கு வைத்த ஜூஸ் பாட்டில், தட்டில் பழுத்துக்கொண்டிருக்கும் வாழைச் சீப்பு எல்லாம் அதற்குப் பிறந்த வீடு. நம்மவர்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று: இட்லி மாவு. இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்காது என்று பாய்லர் அலமாரிக்குள் வைப்போம். நத்தைத் தொட்டியும் வெதுவெதுப்புக்காக அதே அலமாரியை ஒட்டித்தான் இருக்கும். பொங்கி வழிந்து விளிம்பில் காய்ந்த மாவு போதும், பழ ஈக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. புளிப்பு வாசனை எங்கிருந்து வந்தாலும் அது தேடி வரும். ஏனென்றால் அதன் புழு முக்கியமாகச் சாப்பிடுவது பழத்தில் வளரும் ஈஸ்ட்டை. மாவுப் பாத்திரத்தை இறுக்கி மூடுங்கள், இல்லையென்றால் தொட்டியை இடம் மாற்றுங்கள். ரெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈ வருகிறதே என்று புலம்பிப் பயனில்லை.

பழம் கடையிலிருந்து வரும்போதே தோலில், முக்கியமாகக் காம்பிலும் அடிபட்ட இடத்திலும், முட்டை இருக்கக்கூடும். வாழைப்பழத்தை வாங்கி வந்ததும் கழுவித் துடைத்து வைப்பது வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். தோலோடு தொட்டிக்குள் எதையும் போடாதீர்கள் என்பது அதைவிட முக்கியம்.

இனி தட்டு. நத்தை இரவில் சாப்பிடும் பிராணி. பகலில் போட்டால் அது தொடாது, ஈ தொடும். அதனால் பிள்ளைகள் படுக்கப் போகும்போது போட்டு, காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் எடுத்துவிட வேண்டும். முழுசாக எடுக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். நத்தை சாப்பாட்டின் மேலேயே ஏறி நடந்து, துண்டுகளை ஓட்டில் ஒட்டவைத்து இழுத்துப்போய் மூலையில் விட்டுவிடும். தட்டில் ஒன்றுமில்லை, சமத்தாகச் சாப்பிட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பாசிக்கட்டை, மரப்பட்டை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றின் அடியிலும் பார்க்க வேண்டும். நேரே மண்ணின் மேல் போடாமல் ஒரு பீங்கான் தட்டிலோ சுவரில் ஒட்டுகிற ஓட்டுத் துண்டிலோ வைத்தால் சாறு மண்ணில் இறங்காது. சாறு இறங்கிய மண்ணை யாராலும் துடைத்தெடுக்க முடியாது.

எதைப் போடுவது என்பதும் கணக்குத்தான். வெள்ளரிக்காய், லெட்டூஸ், கோர்ஜெட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் ஒரு ராத்திரியில் புளித்துவிடாது. வாழை, மாம்பழம், முலாம்பழம் மூன்றும் அந்தச் சூட்டில் விடிவதற்குள் வேலையைக் காட்டத் தொடங்கும். மே மாதம் ஈஸ்ட் ஹாமில் மாம்பழப் பெட்டி இறங்கும்போது வடைக்கு ஒரு கீற்று கொடுக்காமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். கொடுக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்து, தின்று முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழ வேண்டும். மாம்பழம் தின்கிற நத்தையை வேடிக்கை பார்ப்பது எந்த சீரியலையும்விட நன்றாக இருக்கும் என்பதால் அது பெரிய தண்டனை இல்லை.

பழம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஃப்ரீசரை நம்புங்கள். தோல் சீவி, துண்டு போட்டு, ரெண்டு மூன்று நாள் உறையவைத்து, பிறகு அறைச் சூட்டுக்கு வந்ததும் கொடுங்கள். ஈ முட்டை இருந்தாலும் செத்திருக்கும். இந்த வளர்ப்பில் ஃப்ரீசருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த நாட்டைச் சேராத உயிரினத்தை வெளியே விடுவது 1981-ஆம் வருட வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். ஆகவே நத்தை இட்ட முட்டைகளைப் பொரிக்குமுன் உறையவைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும். எங்கள் ஃப்ரீசரில் துருவிய தேங்காய்க்கும் கருவேப்பிலைக்கும் நடுவில் ஒரு டப்பா இருக்கிறது. அந்த முட்டை பார்க்க அசல் ஜவ்வரிசி போலவே இருப்பதால், மூடியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். யாராவது பாயசம் வைத்துவிட்டால் யார் பதில் சொல்வது?

ஏற்கெனவே ஈ குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்ட தொட்டிக்கு இவை போதாது. ஒரு முழுச் சுத்தம் தேவை. அதற்குமுன், பறக்கிறவற்றை வெளியேற்ற ஒரு வழி. தொந்தரவு வந்தால் பழ ஈ மேலே ஏறும், வெளிச்சத்தை நோக்கிப் போகும். ஆய்வகத்தில் புட்டிகளைக் கையாளுகிறவர்களுக்கு இது மனப்பாடம். தொட்டியைப் பால்கனிக்கோ திறந்த ஜன்னலுக்கோ கொண்டுபோய், அறை விளக்கை அணைத்து, தொட்டியின் பக்கங்களைக் கருப்புத் துணியால் மூடி, மூடியை ஒரு மூலையில் திறந்து பக்கத்தில் லேசாகத் தட்டினால் கும்பலாகக் கிளம்பிவிடும். வெளியே குளிர் அதிகமென்றால் நத்தைகளை முதலில் எடுத்துவிடுங்கள். ஈரமான கிச்சன் பேப்பர் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் அரை நாள் இருப்பது அவற்றுக்குப் பிக்னிக் மாதிரிதான்.

பிறகு மண் முழுவதும் வெளியே போக வேண்டும். பாதி மண்ணை மாற்றுவது பாதி ஈயை வைத்துக்கொள்வது. பழைய மண்ணைப் பையில் கட்டி ஃப்ரீசரிலோ, இடமில்லையென்றால் உள்ளே நத்தை முட்டை இல்லையென்று பார்த்துவிட்டு அன்றைக்கே வெளிக் குப்பைத் தொட்டியிலோ சேர்த்துவிடுங்கள். நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது சுவர். வளர்ந்த புழு ஈரத்தை விட்டு ஏறி, காய்ந்த இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். மூடியின் உள்விளிம்பு, கண்ணாடி சேரும் சிலிக்கோன் ஓரம், வெப்பமானியின் பின்பக்கம் என்று எங்கும் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டியிருக்கும். அழுக்கு என்று நினைத்து விடுகிற அந்த மணி ஒவ்வொன்றும் நாலு நாளில் பறக்கும். காலாவதியான பேங்க் கார்டால் சுரண்டி, சுடுதண்ணீரால் கழுவுங்கள். சோப்பும் பிளீச்சும் வேண்டாம், சுடுதண்ணீர் போதும்.

புது மண்ணாக நான் போடுவது கோகோபீட். கட்டியைக் கொதிநீர் ஊற்றி ஊறவைத்தால் அதில் ஏதாவது முட்டை இருந்தாலும் வெந்துவிடும். உறையைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் இந்தியா அல்லது இலங்கை என்று இருக்கும். பொள்ளாச்சித் தேங்காய் நார் கப்பலேறி வந்து ஆப்பிரிக்க நத்தைக்கு இங்கிலாந்தில் மெத்தையாவதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

சுத்தம் முடிந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்து ரெண்டு ஈ பறக்கும். மனம் விட்டுவிடாதீர்கள், அது கண்ணுக்குத் தப்பிய கூடு. அந்த ரெண்டும் முட்டையிடத் தட்டில் எதுவும் கிடைக்காமல் இருந்தால் கதை அங்கேயே முடியும். கிடைத்தால் மறுபடியும் பத்து நாள். அதனால்தான் ஒருநாள் பெரிய சுத்தத்தைவிட, அதற்குப் பிறகு மூன்று நாலு வாரம் தட்டில் காட்டுகிற கெடுபிடிதான் ஈயை ஒழிக்கும். காற்றோட்டத் துளைகளுக்கு மேல் பழைய ஸ்டாக்கிங்ஸைப் பரப்பிக் கட்டுங்கள். ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பழ ஈ நுழையாது, காற்று போய்வரும். வெளிப்பக்கமாகக் கட்ட வேண்டும்; உள்ளே கட்டினால் போண்டா அரம் போன்ற நாக்கால் சுரண்டியே ஓட்டை போட்டுவிடும்.

பொறி வைக்கலாமா? வைக்கலாம், தொட்டிக்கு வெளியே. சின்னக் கிண்ணத்தில் ஆப்பிள் சைடர் வினிகர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. வாசனைக்கு ஈ வரும், சோப்பு கலந்த தண்ணீரில் நிற்க முடியாமல் மூழ்கும். சோப்பு இல்லாத வினிகரின் மேல் அது ஜாலியாக நின்று குடித்துவிட்டுப் போகும். கிண்ணத்தைத் தொட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். நத்தை ஓடு கால்சியம் கார்பனேட், வினிகர் அதைக் கரைக்கும். வழவழப்பான அந்த உடம்புக்கும் அமிலம் ஆகாது. மஞ்சள் ஒட்டு அட்டையும் அப்படித்தான், உள்ளே வைத்தால் முதலில் ஒட்டுவது நத்தை. எப்படியானாலும் பொறியில் விழுவது பெரிய ஈ மட்டும். புழு தட்டில் இருக்கும்வரை பொறியில் எத்தனை செத்தாலும் அது மனத்திருப்திக்குத்தான்.

ஊரில் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பி, "அக்கா, மாந்தோப்புல தொங்கவிடுற பொறி இருக்கு, அனுப்பவா?" என்று கேட்டான். மெத்தில் யூஜினால் பொறி. அதில் விழுவது மாங்காயைத் துளைத்து முட்டையிடும் பெரிய பழ ஈயின் ஆண்கள். அது வேறு குடும்பம். நம் சமையலறை ஈ அந்த வாசனையைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஊரிலிருந்து வரும் இன்னொரு சாமான், சுவரில் செருகும் கொசு மருந்து. நத்தை இருக்கிற அறையில் அது கூடவே கூடாது. ஈர உடம்பால் உறிஞ்சும் பிராணி அது. பூச்சிக்கொல்லி, வேப்பெண்ணெய், பாச்சை உருண்டை எதுவும் வேண்டாம். தொட்டியைச் சுற்றி யாராவது செம்பு நாடா ஒட்டச் சொன்னாலும் வேண்டாம். செம்பு நத்தைக்கு விஷம்.

பூஞ்சை ஈ உள்ளவர்களுக்கு வேறு வைத்தியம். அதன் புழு மண்ணில் இருப்பதால் தட்டைத் துடைத்து மாளாது. மண்ணின் மேல்பரப்பைக் கொஞ்சம் குறைவாக நனைத்து, ஈரத்தைப் பாசியிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் வைத்துக்கொண்டால் பாதி குறையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்டைனர்நீமா ஃபெல்டியே என்கிற நுண்புழுவை வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றலாம், அது பூஞ்சை ஈயின் புழுவைத் தேடிக் கொல்லும். இங்கேதான் கடையில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதே அலமாரியில், அதே மாதிரிப் பொட்டலத்தில் ஃபாஸ்மராப்டிட்டிஸ் என்று இன்னொரு நுண்புழுவும் இருக்கும். அது தோட்டத்தில் ஓடில்லாத நத்தைகளைக் கொல்ல விற்பது. மெட்டால்டிஹைடு மருந்துக்கு 2022-ல் தடை வந்த பிறகு தோட்டக்காரர்களுக்கு அது ஒரு மாற்று. பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால் வாங்காமலே வந்துவிடுங்கள்.

என் கட்சி ஸ்பிரிங்டெயில். வெள்ளையாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மண்ணில் துள்ளும் இந்தப் பூச்சிகள் ஈயைத் தின்னாது. பூஞ்சையையும் சிந்திய துணுக்குகளையும் தின்று தீர்த்து, ஈப் புழுவுக்கு மிச்சம் வைக்காது. குட்டி வெள்ளை ஐசோபாட்டும் அப்படியே. பெரிய வகை ஐசோபாட்டுகள் புரதப் பசி எடுத்தால் நத்தையைக் கடித்துப் பார்க்கும் என்று அனுபவமுள்ளவர்கள் எச்சரிப்பதால் அவற்றை நான் வாங்குவதில்லை. ஜன்னலோரம் ஒரு டிரொசெரா செடியும் வைத்திருக்கிறேன். இலையெல்லாம் பசை, பூஞ்சை ஈ நிறைய ஒட்டும், பழ ஈ எப்போதாவது. பெரிய பலன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அத்தைக்கு அதைக் காட்டியதிலிருந்து நத்தையை விட்டுவிட்டு அதைத்தான் விசாரிக்கிறார்.

ஃபோரிட் ஈக்கு வருகிறேன் என்றேன். அது அழுகும் புரதத்தைத் தேடி வருவது. நத்தைக்கு ஊறவைத்துப் போடும் மீன் தீவனமோ காய்ந்த இறாலோ மறுநாளும் கிடந்தால் வரும். அப்படி எதுவும் இல்லாமல் திடீரென்று கூன்முதுகு ஈக்கள் ஓடினால் நத்தைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஆழமாகச் சுருங்கி, கை பட்டாலும் அசையாமல், நாற்றமும் அடித்தால் அது இறந்துவிட்டது. உடனே அப்புறப்படுத்தி, மற்றதை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மண்ணை முழுக்க மாற்றுங்கள். எங்கள் இருவரும் நலம். ஐந்தாறு வருடம் வாழக்கூடியவர்கள்.

கடைசியாக விடுமுறை. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்பதுதான் பிரச்சினை. பாவம், பண்டிகை நாளில் பசியோடு இருக்குமே என்று ஒரு முழு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். இப்போதெல்லாம் சாவியோடு ஒரு தாளும் கொடுக்கிறேன்: இரவில் நாலு வில்லை வெள்ளரிக்காய், காலையில் தட்டைக் கழுவ வேண்டும், கால்சியத்துக்காக வைத்திருக்கும் கணவாய் ஓடு அப்படியே இருக்கட்டும், பழம் எதுவும் வேண்டாம், அவை எவ்வளவு பரிதாபமாகப் பார்த்தாலும் சரி.